சின்னதுரையை எங்கே நிறுத்துவது

எங்கள் டீமில் காலில் பந்து ஒட்டிக்கொள்கிற ஆள் ஒருவன்தான் இருந்தான். அவனை மைதானத்தில் எந்த இடத்தில் நிறுத்துவது என்பது மட்டும் மூன்று வருஷமாக யாருக்கும் பிடிபடவில்லை.

அவன் பெயர் சின்னதுரை. ஆரணியிலிருந்து பெரணமல்லூர் போகிற சாலையில் ஒரு சின்ன கிராமம் அவனுடையது. நிலம் நீச்சு எதுவும் இல்லாத குடும்பம். கல்யாணமான கையோடு மனைவி ஆதிலட்சுமியையும் கூட்டிக்கொண்டு ஆரணிக்கு வந்து, ஒரு அரிசி ஆலைக் களத்தில் நெல் காயவைக்கும் வேலையில் சேர்ந்தான். என் அப்பாவுக்கு நெல் வியாபாரம். 1977-இல் அவர் அனுப்பிய வேலையாக ஒரு நாள் அந்த ஆலைக்குப் போயிருந்தபோதுதான் அவனை முதலில் பார்த்தேன்.

அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் பரப்பியபின், ஆட்கள் அதற்குள் இறங்கி வரிசையாக நடந்து காலாலேயே கிளறிவிடுவார்கள். பாதத்தைத் தூக்கக் கூடாது. தரையோடு இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும். நடந்த தடத்துக்கு இரண்டு பக்கமும் நெல், வரப்பு கட்டினாற்போல ஒதுங்கிக்கொண்டு வரும். அன்றைக்கு யாரோ குடித்துப் போட்ட இளநீர்க் காய் ஒன்று உருண்டு களத்துக்குள் வந்துவிட்டது. வரிசை கலைகிறதே என்று மேஸ்திரி கத்தினார். சின்னதுரை நடையை நிறுத்தவில்லை. வந்த காயைப் பாதத்தின் உள்பக்கத்தால் அணைத்து, தன் தடத்திலேயே உருட்டிக்கொண்டு போய்க் களத்தின் ஓரத்தில் விட்டான். ஒரு வரப்புகூடக் கலையவில்லை.

"பந்து ஆடுவியா?" என்று கேட்டேன்.

"ஏரி காஞ்சா ஆடுவோங்க," என்றான். "ரொம்பிட்டா நீச்சல்."

அன்று மாலையே அவனைக் கோட்டை மைதானத்துக்கு அழைத்துப் போனேன்.

எங்கள் டீம் என்பது ஏறக்குறைய ஒரே தெருவின் டீம். கேப்டன் பரசுராமன், சென்டர் ஃபார்வர்டு தருமன், இடது ஓரத்தில் ஆடும் சடையன், மற்றவர்களும் பெரும்பாலும் பட்டு நெசவுக்காரர்கள். ஒரே தெருவில் பிறந்து அதே தெருவில் தறி போட்டவர்கள். வெளியாட்கள் என்று பார்த்தால் சின்னதுரையும் நானும்தான். என் பெயர் அறவாழி என்றாலும், ஜைனன் என்பதால் அங்கே எல்லாருக்கும் நான் நைனாரு. நான் கோல் கீப்பர். எங்கள் ஜைனக் குடும்பத்தில் பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. விளக்கு வைப்பதற்குள் இலையில் உட்கார்ந்தாக வேண்டும். அதனால் கோலில் நின்றபடி நான் பந்தையும் பார்ப்பேன், மேற்குத் திசையையும் பார்ப்பேன். இரண்டில் எது முதலில் உள்ளே இறங்கிவிடுமோ என்கிற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

சின்னதுரை பந்தை எடுத்துக்கொண்டு நாலு பேரைத் தாண்டி வந்ததைப் பார்த்த முதல் மாலையே, பரசுராமன் அவனை சென்டர் ஃபார்வர்டு ஆக்கிவிட்டான். தருமனை ஓரத்துக்கு அனுப்பினான். அடுத்த மேட்சில் சின்னதுரை இருப்பதே தெரியவில்லை. அவன் குள்ளம். எங்கள் ஆட்கள் பந்தை உயரத் தூக்கி அடிப்பார்கள். அது இறங்கி வரும்போது அவன் முதுகுக்குப் பின்னால் எதிராளியின் சென்டர் ஹாஃப் ஒருவன் பனைமரம் போல நின்று தலையால் தட்டிவிடுவான். தரையில் வராத பந்துக்குச் சின்னதுரையின் காலால் ஒன்றும் செய்ய முடியாது.

பிறகு இடது ஓரத்தில் போட்டார்கள். அங்கே எல்லைக்கோட்டைத் தாண்டி ஒரு பக்கம் போக வழியில்லை. மீதி இருக்கிற ஒரு பக்கத்தையும் எதிராளி மறித்துக்கொண்டால், அவன் வித்தையில் பாதி வீண். அப்படியும் இரண்டு மூன்று பேரை ஏமாற்றிக்கொண்டு போய்க் கொடிக்கம்பத்தின் அருகே தனியாக நிற்பான், பந்தை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல். வலது ஓரத்திலும் அதே கதை.

நான் தமிழிலும் இங்கிலீஷிலும் படித்தவன் என்பதால், நூலகத்திலிருந்து ஒரு இங்கிலீஷ் கால்பந்துப் புத்தகத்தை எடுத்து வந்து, படத்தில் புள்ளி வைத்திருந்த இடங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துத் தமிழில் சொன்னேன். பரசுராமனும் சளைக்காமல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். ஒரு மேட்சில் அவனை என் கோலுக்கு முன்னாலேயே பேக் ஆக நிறுத்தினான். சின்னதுரை என் கண்ணெதிரில், கோல் வாயிலிலேயே, எதிராளிகள் இரண்டு பேரைச் சுற்றிச் சுற்றி வந்து பந்தை உருட்டினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. என் உயிர் என்னிடம் இல்லை.

"நைனாரு மூஞ்ச பாரு, துவரம்பருப்பு வெந்த மாதிரி கீது," என்று சிரித்த சடையன், சின்னதுரை பக்கம் திரும்பினான். "கல்யாண வூட்டு பெஞ்சுடா நீ. ஆளு எங்க வராங்களோ அங்க தூக்கினு போய் போடறாங்க."

"பெஞ்சுலயாவது யாராச்சும் குந்துவாங்க," என்றான் சின்னதுரை. "என்கிட்ட பந்தே வரதில்லியே."

அவன் சொன்னதை அன்றைக்கு யாரும் காதில் வாங்கவில்லை. திறமை இருந்தால் பந்து தானாக வரும் என்று எல்லாரும் நினைத்தோம்.

1980-இல் நிலைமை கொஞ்சம் கனத்துப் போயிற்று. அரிசி ஆலைக் களத்தில் வெயில் இருந்தால்தான் வேலை. வானம் கறுத்தால் எல்லாரும் ஓடி நெல்லைக் குவித்துத் தார்ப்பாயால் மூட வேண்டும். மூடியபின் மழை விட்டுக் களம் காயும்வரை கூலி கிடையாது. ஐப்பசி, கார்த்திகை முழுவதும் அப்படியே போகும். அந்த வருஷம் சின்னதுரைக்கு ஒரு பெண்குழந்தை பிறந்திருந்தது. ஆதிலட்சுமியின் அண்ணன் பெங்களூரில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தார். வந்துவிடுங்கள், கல் சுமந்தாவது பிழைத்துக்கொள்ளலாம் என்று அழைத்தபடி இருந்தார்.

ஒரு நாள் தூறல் போட்டபோது நான் ஆலை வாசலில் ஒதுங்கியிருந்தேன். தார்ப்பாயின் மேல் கல் வைத்துவிட்டு வந்த ஆதிலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்களே சொல்லுங்க நைனாரே. மழ வந்தா ஊரே சிரிக்குது, எங்களுக்கு அடுப்பு அணையுது. இவரு இன்னாடான்னா பந்து பந்துன்னுகினு கீறாரு. அண்ணன் கூப்டுகினே கீது. தீபாவளிக்கு முன்ன கெளம்பிடலாம்னு நான் சொல்லிட்டேன்."

"நீ இன்னா சொன்ன?" என்று சின்னதுரையைக் கேட்டேன்.

"நான் இன்னாத்த சொல்றது," என்றான் அவன். "புள்ளைய கல்லு குவியல் மேல படுக்க வெக்கணும். அதத்தான் நெனச்சிகினு கீறன்."

அந்த வாரத்திலேயே ஒரு செய்தி வந்தது. ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலை, கால்பந்து டீம் நடத்திவந்தது. நன்றாக ஆடுகிறவர்களைப் பார்த்து வேலைக்கு எடுப்பார்கள். நிரந்தர வேலை, மாதச் சம்பளம். மழைக்கும் வெயிலுக்கும் அது மாறாது. அவர்களுக்கு முன்வரிசையில் ஒரு ஆள் தேவை. டீமைக் கவனிக்கும் சக்கரவர்த்தி என்பவர், ஆவணியில் கோட்டை மைதானத்தில் நடக்கப்போகும் அரையிறுதி மேட்சைப் பார்க்க வருகிறார்; கால் இறுதியில் ஜெயித்தால் அதில் நாங்கள் ஆடுவோம். எங்கள் நெசவுக்காரர்கள் யாருக்கும் தறியை விட்டுவிட்டு அங்கே போகிற எண்ணம் இல்லை. போக வேண்டியவன் சின்னதுரை. ஆனால் அவர் பார்க்கிற அந்த ஒரு மேட்சில் அவன் ஆட்டம் கண்ணில் பட வேண்டுமே.

"கொடிக்கம்பத்தாண்ட நின்னுகினு கீறவன எவன் பாப்பான்?" என்றான் பரசுராமன்.

"அவன் வேலைக்காக நாம தோக்கணுமா?" என்று தருமன் கேட்டான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மூன்று வருஷமாக அவனை மாற்றி மாற்றி நிறுத்தி டீமே குழம்பிக் கிடந்தது உண்மைதான். "தேறலனா வெளிய குந்தவெச்சிட்டு ஆடலாம். நான் அதத்தான் சொல்வேன்."



கால் இறுதியில் நாங்கள் எப்படியோ ஒரு கோலில் ஜெயித்தோம். அதில் சின்னதுரை வலது ஓரத்தில் இருந்தான், இல்லாதது போலவே. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பரசுராமனைப் பார்க்க அவன் தெருவுக்குப் போனேன். தெருவின் நடுவே ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பாவு விரித்திருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு இழைகளை நீளமாக இழுத்துக் கட்டி, இடையிடையே கவைக்கட்டைகள் கொடுத்துத் தாங்கி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று அறுந்த இழைகளைத் தேடிச் சரிசெய்யும் வேலை அது. இடுப்புயரத்தில் தெரு முழுக்க அரக்குச் சிவப்பு. நான் இந்தப் பக்கம், பரசுராமன் வீடு அந்தப் பக்கம்.

குனிந்து கடக்கலாமா என்று நான் யோசிப்பதைப் பரசுராமன் மனைவி செல்லம்மாள் பார்த்துவிட்டாள்.

"நைனார் தம்பி, அந்த வேலையே வாணாம். சுத்தினு வாங்க. ஒங்க தல பட்டு ஒரு இழ அறுந்தாலும் இன்னிக்கு பூரா இங்கியே ஒக்கார வெச்சுடுவேன்."

சுற்றிக்கொண்டு போக அலுப்பாக இருந்தது. நின்ற இடத்திலிருந்தே பேசினேன். கொஞ்ச நேரத்தில் சின்னதுரையும் சைக்கிளில் வந்து சேர்ந்தான். அவனும் என் பக்கம்தான். எதிர்ப்பக்கத்தில் பரசுராமனும் சடையனும் இழை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவுக்கு மேலேயே வாக்குவாதம் நடந்தது. சடையன் மறுபடியும் இடது ஓரம் என்றான். நான் புத்தகத்தில் பார்த்த வேறு ஒரு பெயரைச் சொன்னேன். குனிந்து ஒரு இழையை முடிந்துகொண்டிருந்த செல்லம்மாள் தலையைத் தூக்கினாள்.

"நேத்து ஆட்டம் பாக்க வந்தேன் இல்ல. ஒண்ணு கேக்கறேன், யாரும் சிரிக்கக் கூடாது. மைதானத்து நடுவுலயும் பாவு கட்டி வெச்சிருக்கீங்களா?"

"இன்னா பேச்சு இது?" என்றான் பரசுராமன்.

"பின்ன இன்னாங்க. அத்தினி பேரும் ரெண்டு ஓரமாவே ஓடறீங்க. இந்தப் பக்கத்து பந்து அந்தப் பக்கம் போவணும்னா தூக்கித் தூக்கி அடிக்கிறீங்க. உருட்டி வுட்டா இழ அறுந்துடுமா?"

சடையன் சிரித்தான். பரசுராமன் சிரிக்கவில்லை. கையிலிருந்த இழையை விடாமல் பாவின் நீளத்தைக் கண்ணால் ஒருமுறை அளந்தான். பிறகு அப்படியே நின்றுவிட்டான்.

அவன் என்ன நினைத்தான் என்பது எனக்கும் மெல்ல விளங்கியது. அவர்கள் எல்லாரும் பந்து ஆடக் கற்றது அந்தத் தெருவில். விடியற்காலையில் தெரு நடுவே பாவு கிடக்கும். ஆட்டம் அதற்கு இரண்டு ஓரங்களிலும்தான் நடக்கும். பந்து உருண்டு பாவுக்கு அடியில் போனால் கவைக்கட்டை சாயும், இழை அறும், தெருவில் உள்ள அத்தனை பேரிடமும் அடி விழும். ஆகவே சிறு வயதிலிருந்தே பந்தைப் பாவுக்கு மேலே தூக்கி அடித்தே பழகியிருந்தார்கள். வளர்ந்து கோட்டை மைதானத்துக்கு வந்தபிறகும் அவர்கள் காலைப் பொறுத்தவரை நடுவே ஒரு பாவு கிடந்தது. அங்கே எதுவும் இல்லை என்பது காலுக்குத் தெரியவில்லை.

"அதான் எனக்கு பந்தே வரல," என்றான் சின்னதுரை. "நடுவுல நின்னுகினு நான் கைய ஆட்டறேன், ஆட்டறேன், எவனும் பாக்க மாட்டேன்றான்."

"நம்ம ஆளுங்க ரெண்டு ஓரமா ஓடறாங்க," என்று பரசுராமன் மெதுவாகச் சொன்னான். "அவங்கள மறிக்க எதிராளியும் ஓரத்துக்கே போறான். அப்ப நடுவுல யாரு கீறா?"

"எவனும் இல்ல," என்றேன். கோலிலிருந்து அந்த வெற்றிடத்தைத்தான் நான் மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை ஒரு இடமாக நினைக்கத் தோன்றியதில்லை.

சென்டர் ஃபார்வர்டுக்குப் பின்னால், ஹாஃப்களுக்கு முன்னால், நட்டநடுவில் சின்னதுரை நிற்பது என்று அங்கேயே முடிவாயிற்று. தருமன் பழையபடி சென்டர் ஃபார்வர்டு. சின்னதுரைக்கு முகம் எதிராளியின் கோலைப் பார்த்து இருக்கும்; இரண்டு பக்கமும் திறந்திருக்கும். பனைமரம் சென்டர் ஹாஃப் அவனைப் பிடிக்க முன்னால் வந்தால் தருமன் பின்னால் தனியாக இருப்பான். வராவிட்டால் சின்னதுரையைத் தடுக்க ஆளில்லை.

கேட்க நன்றாக இருந்தது. பயிற்சியில் நடக்கவில்லை. எல்லாரும் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் பந்து காலுக்கு வந்ததும் தூக்கித்தான் அடித்தார்கள்.

"மனசு உருட்டுன்னுது," என்றான் சடையன். "காலு கேக்கல. பேஜாரா கீது."

மூன்றாவது மாலையில் பரசுராமன் எல்லாரையும் புல்லில் உட்காரவைத்தான்.

"பாவுல இழ அறுந்தா இன்னா பண்ணுவோம்?"

"இன்னா பண்ணுவோம், ரெண்டு முனையும் புடிச்சிகினு கூப்புடுவோம்," என்றான் தருமன்.

"நீ முடி போடுவியா?"

"நான் போட்டா செல்லம்மா அண்ணி கைய ஒடிச்சிடும்."

அந்தத் தெருவின் வழக்கம் அது. இழை அறுந்ததைப் பார்த்தவர் முடியக் கூடாது. ஆளாளுக்கு முடிந்தால் முடிச்சு தடித்துப் புடவையில் தெரியும். பிடித்துக்கொண்டு "இழ" என்று குரல் கொடுத்தால், முடிவதற்கென்று இருக்கிற ஒருவர் வந்து வாங்கி முடிவார். பரசுராமன் தெருப்பக்கத்தில் அது செல்லம்மாள்.

"அவ்ளோதான்," என்றான் பரசுராமன். "ஓரத்துல ரெண்டு பேர் ஒன்ன மறிச்சிட்டானா, அது அறுந்த இழ. நீ முடி போடாத. தூக்கி அடிக்காத. 'இழ'ன்னு கூப்டு. சின்னதுர வருவான், அவன்கிட்ட குட்து உட்டுடு. இனிமே நமக்கு இவன்தான் செல்லம்மா."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சடையன் எழுந்து சின்னதுரையின் துண்டை முந்தானை மாதிரி அவன் தோளில் போட்டுவிட்டான். ஆனால் அன்று மாலை மைதானத்தில் "இழ", "இழ" என்று குரல் கேட்க ஆரம்பித்தது. கூப்பிட்ட பக்கம் சின்னதுரை போனான். பாதத்தைத் தூக்காமல், களத்தில் நெல்லுக்குள் நடப்பது போலவே நடந்தான். பந்து தரையோடு அவனிடம் வந்தது. நான் ஆரணியில் ஆடிய காலத்தில் அது முதல் தடவை.

மேட்ச் அன்று வேலூர் டீம் வந்திருந்தது. பந்தல் போட்ட பக்கத்தில் நாற்காலிகள். நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சட்டைக்காரர்தான் சக்கரவர்த்தி என்று சொன்னார்கள். கோலிலிருந்து எனக்குச் சட்டை மட்டும் தெரிந்தது.

ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே வேலூர்க்காரர்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். அதோடு எங்கள் ஆட்களுக்குப் பதற்றம் வந்து, பயிற்சியெல்லாம் மறந்து, மறுபடியும் பந்தை வானத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். நடுவில் சின்னதுரை தலையை அண்ணாந்து பந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். முதல் பாதி முழுவதும் ஒருவர்கூட "இழ" என்று கூப்பிடவில்லை.

இடைவேளையில் பந்தல் பக்கம் பார்த்தேன். நடு நாற்காலி காலி.

ராணிப்பேட்டை பஸ்ஸுக்கு அதுதான் நேரம். பரசுராமனிடம் போய் மெதுவாகச் சொன்னேன்.

"பூட்டாரா?" என்றான். பிறகு சொன்னான், "அவன்கிட்ட சொல்லாத." எல்லாரையும் பார்த்துக் குரலை உயர்த்தினான். "பாவு வேலைல வாய மூடிகினு நிப்பீங்களாடா? கூப்புடுங்கடா. அவன் இன்னா ஒங்களுக்கு விருந்தாளியா?"

இரண்டாம் பாதியில் பக்கம் மாறினோம். என் கோலுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். அதன் நிழலில் ஒருவர் வந்து நின்றிருந்தார். வலைக்கு அவ்வளவு அருகில் யாராவது நின்றால் எனக்குக் கை ஓடாது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றேன்.

"சரி," என்று தள்ளி நின்றார்.

சடையன் இடது ஓரத்தில் பந்தோடு மாட்டிக்கொண்டான். இரண்டு பேர் அவனைக் கோட்டோடு சேர்த்து நெருக்கினார்கள். தூக்கி அடிக்கக் கால் பின்னால் போனது தெரிந்தது. பிறகு அந்தக் கால் நின்றது.

"இழ," என்று கத்தினான்.

சின்னதுரை அங்கே இருந்தான். பந்தை வாங்கித் திரும்பினான். அவனுக்கும் கோலுக்கும் நடுவில் சென்டர் ஹாஃப் மட்டும். அந்த ஆள் ஒரு அடி முன்னால் வைத்தான், பின்னால் நிற்கும் தருமனைப் பார்த்து ஒரு அடி பின்வாங்கினான், மறுபடியும் முன்னால் வந்தான். அவ்வளவுதான். பந்து அவன் காலிடுக்கில் போய்த் தருமனிடம் சேர்ந்தது. தருமன் சும்மா தள்ளினான். கோல்.

அதன்பிறகு யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மைதானம் முழுக்க "இழ" என்ற குரல். வேலூர்க்காரர்கள் இது என்ன கூப்பாடு என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓரத்தில் நின்றவர்கள் சின்னதுரையைப் பிடிக்க நடுவுக்கு ஓடினார்கள். ஓரம் காலியாயிற்று. அவன் பந்தைத் திரும்ப ஓரத்துக்கே அனுப்பினான்.

இடையே ஒரு பந்து என் வலையைத் தாண்டி வேப்பமரத்துப் பக்கம் போயிற்று.

"ஜல்தி எடுத்துப் போடுங்க," என்றேன்.

அந்த மனிதர் ஓடிப்போய் எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். "யாருங்க அந்த நடுவுல நிக்கிறவன்?"

"சின்னதுரை. அவன பாக்கத்தான் ராணிப்பேட்டையிலருந்து ஒரு பெரிய மனுஷன் வந்தாரு. இவன் கால்ல பந்து படறதுக்குள்ள எழுந்து பூட்டாரு. அவருக்கு இன்னா, பஸ்ஸு முக்கியம்."

"போனா போவட்டும்," என்றார் அவர். "நீங்க முன்னால பாருங்க, பந்து வருது."

வந்தது. பிடித்தேன். மேற்கே சூரியன் கோட்டைச் சுவருக்கு மேல் ஒரு முழம்தான் இருந்தது. சமநிலையில் முடிந்தால் இன்னும் அரை மணி ஆட வேண்டும். அம்மா இலை போட்டுவிட்டுக் காத்திருப்பாள். பந்தைக் காலால் தூக்கி அடிக்கப் போனவன், என்ன நினைத்தேனோ, கையாலேயே தரையோடு உருட்டிப் பரசுராமனிடம் விட்டேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நடுவே தள்ளினான். சின்னதுரை அதை வாங்கினான். சென்டர் ஹாஃப் இந்த முறை முன்னால் வரவில்லை. சின்னதுரை நேராக அவனை நோக்கியே நடந்தான், அவசரமே இல்லாமல். அந்த ஆள் இனியும் பொறுக்க முடியாது என்று காலை நீட்டியபோது பந்து தருமனிடம் போயிருந்தது. இரண்டாவது கோல்.

விசில் அடித்ததும் எல்லாரும் தருமனைத் தூக்கினார்கள். பந்தல்காரர்கள் அவனுக்கு மாலை போட்டார்கள். எனக்கு ஜெயித்த சந்தோஷம் பாதிதான் வந்தது. இரண்டு கோலும் தருமன் பேரில். பார்க்க வேண்டியவர் பார்க்காமலே போய்விட்டார். தீபாவளிக்கு முன் சின்னதுரை பெங்களூர் போய்விடுவான். இவன் ஆட்டம் இன்றைக்குத்தான் தொடங்கியது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

வேப்பமரத்தடி மனிதர் மைதானத்துக்குள் நடந்து வந்தார். பந்தலிலிருந்து இரண்டு பேர் எழுந்து ஓடிவந்து அவரை வணங்கினார்கள். அப்போதுதான் வெள்ளைச் சட்டையைக் கவனித்தேன்.

"பந்து பொறுக்கிப் போட்டதுக்குக் கூலி உண்டா, தம்பி?" என்றார் சக்கரவர்த்தி என்னிடம்.

அவரே சொன்னார். "அங்க பக்கவாட்டுல குந்திகினு பாத்தா இவன் சும்மா நிக்கிறாப்பல இருந்தது. எதுக்கு இப்படி நிக்கிறான்னு தெரியல. கோலுக்குப் பின்னால வந்தா நீளமா தெரியும்னு வந்தேன். பஸ்ஸு அடுத்தது இருக்குது."

சடையன் தருமனை முன்னால் தள்ளினான். "ரெண்டு கோலும் இவன்தாங்க சார்."

"நான் எங்கயும் ஓடல சார்," என்றான் தருமன் மாலையைக் கழற்றிக்கொண்டே. "நின்னுகினு இருந்தேன், பந்து வந்து கால்ல விழுந்தது. எனக்கு தறி கீது. அவன பாருங்க." மாலையைச் சின்னதுரை கழுத்தில் போட்டான்.

"நீ நின்ன எடத்துக்கு இங்க இன்னா பேரு?" என்று சக்கரவர்த்தி சின்னதுரையைக் கேட்டார்.

அவன் பரசுராமனைப் பார்த்தான். பரசுராமன் என்னைப் பார்த்தான். புத்தகத்தில் அதற்கு ஒரு பெயர் இருந்திருக்கலாம். எனக்கு நினைவு வரவில்லை.

"பேரு இன்னும் வெக்கலீங்க," என்றான் பரசுராமன்.

"வெக்க வாணாம். புரட்டாசி முதல் தேதி வந்து சேரச் சொல்லு."

சின்னதுரை அப்படியே புல்லில் உட்கார்ந்து கால் உறையை மெதுவாகக் கழற்றினான். மறுபடியும் மாட்டினான். "நைனாரே," என்றான், "பொழுது போவுது. ஓடுங்க, அம்மா திட்டப் போறாங்க." அன்றைக்கு நான் வீடு சேர்வதற்குள் விளக்கு வைத்துவிட்டார்கள். பட்டினியாகப் படுத்தேன். பசிக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து நான் மஸ்கட்டுக்கு வேலைக்கு வந்துவிட்டேன். இங்கே வந்தபிறகும் ஊரில் யாருக்கு என்ன ஆகுமோ என்ற கவலை என்னை விட்டதில்லை. அந்தக் கவலைப் பட்டியலிலிருந்து நான் எடுத்துவிட்ட ஒரே பெயர் சின்னதுரை. ஆனாலும் ஆரம்பத்தில் ஒரு பயம் இருந்தது. ஆரணியில் நடு காலியாக இருந்தது எங்கள் ஆட்களின் பழக்கத்தால். ராணிப்பேட்டையில் பல ஊர் ஆட்கள்; அங்கே அந்த இடம் காலியாக இருக்குமா?

போன வருஷம், 1987-இல், விடுமுறையில் ராணிப்பேட்டையில் தொழிற்சாலைக் குடியிருப்புக்குப் போனபோது அவனிடமே அதைக் கேட்டேன். முழங்காலில் அடிபட்டு ஆட்டத்தை நிறுத்தி அவனுக்கு இரண்டு வருஷமாகிறது. தொழிற்சாலை ஸ்டோரில் வேலை. கொஞ்சம் தொப்பை போட்டிருந்தான்.

"நடுவுல ஒரே கூட்டம் நைனாரே," என்றான். "மொத மேட்ச்ல திண்டாடிட்டேன். அப்பறம் பாத்தேன், கூட்டம் எங்கயோ இருந்தா வேற எங்கயோ ஒரு எடம் காலியாத்தானே இருக்கணும். அத்த தேடினு நடப்பேன். ஒரு நாளு இங்க இருக்கும், ஒரு நாளு அங்க இருக்கும்."

"ஆட்டத்துக்குதான் அந்த நடையெல்லாம்," என்றாள் ஆதிலட்சுமி, காபியை வைத்தபடி. "வூட்டுல ஒரு எடத்துல குந்தினா எழுந்துக்கறதில்ல. இங்க வந்த புதுசுல மட்டும் ஒரு தபா ஓடினாரு. அத்த சொன்னாரா?"

"அது இன்னாத்துக்கு இப்ப," என்றான் அவன்.

அவள் சொன்னாள். சேர்ந்த அடுத்த மாதம், ஐப்பசியில், ஒரு பகல். வேலை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இடி இடித்தது. ஓட்டின் மேல் முதல் சொட்டுகள் விழுந்த சத்தம் கேட்டதுதான் தாமதம், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, எச்சில் கையோடு வாசலுக்குப் பாய்ந்துவிட்டான்.

"நான் இன்னாமோ ஏதோன்னு பின்னாலயே ஓடறேன். மழ கொட்டுது. இவரு நடுத்தெருவுல நின்னுகினு அங்கியும் இங்கியும் பாக்கறாரு. எங்க ஓடறீங்கன்னு கேட்டேன். தார்ப்பாய் எங்கடின்றாரு. மூடறதுக்கு நெல்லு எங்கங்க கீதுன்னு கேட்டேன்."

சின்னதுரை காபித் தம்ளரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அப்பறம்?" என்றேன்.

"அப்பறம் இன்னா. ரொம்ப நேரம் அங்கியே நனஞ்சிகினு நின்னாரு. நானும் கூப்டல. உள்ள வந்து தலய தொடச்சிகினு, ஆறிப்போன சோத்த எடுத்து மிச்சத்த துன்னாரு."